படத்தில் எங்கே இருக்கிறது துயரம்?



வானொலியில் ஓவியத்தைப் பற்றிப் பேசுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுவதைப் போன்ற காரியம். படத்தைத் தூக்கிக் காட்ட வழியில்லை; சொல்லித்தான் காட்ட வேண்டும். ஆகவே நாங்கள் சொல்லச் சொல்ல, நீங்கள் மனத்திற்குள் வரைந்துகொண்டே வாருங்கள்.

நாங்கள் ஐவர். ஐவரும் தோட்டத்துப் பிள்ளைகள். பேராக்கைச் சேர்ந்தவர் மூவர், கெடாவைச் சேர்ந்தவர் இருவர். ஓவியக் கல்வி பயிலும் மாணவர்கள். இந்த உரையை ஐவரும் கூடி உட்கார்ந்துதான் எழுதினோம். வாசிக்கின்ற குரல்தான் ஒன்று. இதில் வருகின்ற முக்கியமான நிகழ்ச்சி எங்களுள் ஒருத்திக்கு நேர்ந்தது. தம் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொல்லக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில், உங்களில் பலர் எங்களைக் கேட்கின்ற ஒரு கேள்வி. "படம் வரைஞ்சா பசியாறக் காசு வருமா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். வந்தாலும் வரும், வராமலும் போகும். எங்கள் கவலை அதுவன்று. பள்ளிப் பருவத்திலிருந்து எத்தனையோ படம் வரைந்துவிட்டோம். ஆனால் எங்கள் மனத்தில் உண்மையாக இருந்த ஒன்றை ஒரு படத்திலாவது இறக்கி வைத்தோமா என்று பார்த்தால், இல்லை. சிறு வயதில் நாங்கள் என்ன வரைந்தோம்? இரண்டு மலை, நடுவே சூரியன், மலையடியில் வயல், ஓரத்தில் ஒரு தென்னை. இந்தப் படத்தை வரையாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? வீட்டு வாசலில் நின்றால் கண்ணுக்குத் தெரிவது பால்மரம், இல்லாவிட்டால் செம்பனை. நெல் வயலை எங்களில் மூவர் பக்கத்தில் நின்று பார்த்ததுகூட இல்லை! ஆனாலும் அதைத்தான் வரைந்தோம். படம் என்றால் அது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

கல்லூரிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு நாள் எங்கள் ஓவிய ஆசிரியர், "துயரம்" என்ற ஒரே சொல்லைக் கரும்பலகையில் எழுதி, ஒரு வாரத்தில் வரைந்து வாருங்கள் என்றார். வரைந்து சென்றோம். கண்ணீர் வடிக்கும் பெண், பட்ட மரம், அணைந்த மெழுகுவத்தி, கறுத்த மேகம், உடைந்த இதயம் எல்லாம் வந்து சேர்ந்தன. ஆசிரியர் எல்லாவற்றையும் சுவரில் வரிசையாக ஒட்டினார். பிறகு, "இவற்றுள் யாருடைய துயரம் எது?" என்று கேட்டார். எங்களுக்கே சொல்லத் தெரியவில்லை. பெயரை மாற்றி எழுதியிருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது. இரண்டு மலையும் சூரியனும் போய், மெழுகுவத்தியும் கண்ணீரும் வந்திருந்தன, அவ்வளவுதான்.

எங்கள் தோழி வரைந்த படமும் அந்தச் சுவரில் இருந்தது. அவருடைய தந்தையார் இறந்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது. மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் இல்லை. தாயும் தந்தையும் பால்வெட்டுத் தொழிலாளர்கள். அடுத்தடுத்த நிரைகளில் மரம் வெட்டியவர்கள். தோழி தம் தாய் மரத்தடியில் நின்று, பால் வெட்டிக்கொண்டே அழுவதாக வரைந்திருந்தார். கன்னத்தில் பெரிய கண்ணீர்த் துளி. அதை வரையும்போது தாமும் அழுததாகச் சொன்னார். ஆகவே அந்தப் படத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

விடுமுறைக்குப் போகும்போது படத்தைச் சுருட்டி எடுத்துச் சென்று தாயாரிடம் காட்டினார். அந்த அம்மாள் விளக்கடியில் விரித்துப் பார்த்தார். கண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஏம்மா, இந்த மரத்த யாரு வெட்டுனது? வெட்டு மாறியில்ல இருக்கு?" என்று கேட்டார்.

மரம் வெட்டத் தெரிந்த நேயர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறோம். மரத்தின் முன்னால் நின்று பார்த்தால், வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிந்து வர வேண்டும். இது வெறும் வழக்கமன்று; காரணம் உண்டு. பட்டைக்குள் பால் ஓடுகின்ற நுண்குழாய்கள் நேராக மேலே போகாமல், வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து சுற்றி ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு, அவற்றுள் அதிகமான குழாய்களை அறுக்கும். பாலும் கூடுதலாக வரும். வெட்டின் ஆழமும் அப்படித்தான். பட்டையின் உட்புறத்தில், கட்டைக்கு மிக அருகில்தான் பால் நிறைய இருக்கிறது. மேலோடு வெட்டினால் பால் இல்லை. உளி ஒரு மயிரிழை கூடுதலாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம்; புதுப்பட்டை அந்த இடத்தில் முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். 1890களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் அதே வெட்டை மெல்லச் சீவிச் சீவித் திறக்கும் முறையை வகுத்தார் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அந்த முறையைக் கையில் ஏற்றிக்கொண்டு, இருட்டில் நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரம் வெட்டியவர்கள் நம் தாய் தந்தையர்.

தோழி என்ன செய்திருந்தார்? வலமிருந்து இடமாக வெட்டைச் சாய்த்துவிட்டார். பத்தொன்பது வருடம் பால்மரத்துக்கு நடுவில் வளர்ந்தவர்! அவருக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தது. "நான் அப்பாவை நினைச்சு வரைஞ்சேன், நீங்க மரத்தப் பாக்குறீங்க" என்று சொல்லிவிட்டார். தாயார் படத்தைச் சுருட்டி அலமாரி மேல் வைத்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டார்.

அந்த இரவு தோழி யோசித்தாராம். அம்மா வேலைக்காட்டில் அழுததைத் தாம் எப்போதாவது பார்த்ததுண்டா? இல்லை. பார்க்காத கண்ணீரை வரைந்தோம்; நாள்தோறும் பார்த்த வெட்டைத் தப்பாக வரைந்தோம். இதுதான் அவருக்கு உறைத்தது. மறுநாள் காலை பெரட்டுக்கு அம்மா கிளம்பும்போது, ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவரும் பின்னாலேயே போனார். இரண்டு வாரம் போனார்.

முதல் நான்கு நாள் ஒன்றும் வரவில்லையாம். கொசுக்கடிதான் மிச்சம். அம்மாவின் கை வேகத்துக்குப் பென்சில் ஓடவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து, முழு உருவத்தை வரையும் ஆசையை விட்டுவிட்டுக் கையை மட்டும் பார்க்கத் தொடங்கினார். வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை உரிக்கும் விரல், உளியைப் பிடிக்கும் மணிக்கட்டு, மங்கைத் துடைத்து வைக்கும் உள்ளங்கை. எதையும் அழகுபடுத்த நேரம் இல்லை. கண்டதைக் கிறுக்கினார்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், அம்மா தம் நிரையில் வெட்டிக்கொண்டு போனவர் நடுவில் நின்றார். பக்கத்து நிரையில் ஒரு மரத்தில் மங்கு சாய்ந்து, பால் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அது முன்பு அப்பாவின் நிரை; இப்போது புதிதாக வந்த ஆள் வெட்டுகிறார். அம்மா அங்கே போய் மங்கை நிமிர்த்தி வைத்தார். வைத்தவர் உடனே திரும்பவில்லை. வெட்டுக்கு மேலே, ஒரு சாண் உயரம் வரை புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக இருந்தது. அது புதிய ஆளின் கை. அதற்கும் மேலே பட்டை மொழுமொழுவென்று ஆறி வளர்ந்திருந்தது. பத்து மாதத்துக்கு முன்பு வரை வெட்டியவரின் கை அது. அம்மாவின் கட்டைவிரல் அந்த வழவழப்பான இடத்தில் ஒரு முறை ஓடியது. "உங்கப்பா வெட்டுனா காயமே இருக்காது" என்றார். தம் நிரைக்குத் திரும்பிவிட்டார். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் இருக்குமா?

தோழி வரைந்தது அதைத்தான். முகம் இல்லை. கண்ணீர் இல்லை. விளக்கு வெளிச்சம் விழுகின்ற வட்டத்துக்குள் ஒரு மரத்தின் அடி, மேலே வழவழப்பு, நடுவில் முண்டு, அதன் கீழே இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு, நிமிர்ந்த மங்கு, பட்டையின் மேல் ஒரு கட்டைவிரல். கரியால் வரைந்தார்.

தாயார் அந்தப் படத்தைப் பார்த்தபோது என்ன சொன்னார் என்று நாங்கள் ஆவலோடு கேட்டோம். "நீ அத எப்பப் பார்த்த?" என்று மட்டும் கேட்டாராம். பிறகு அன்று இரவு வெகுநேரம், அப்பாவைப் பற்றித் தாமாகவே பேசினாராம். பத்து மாதத்தில் அதுதான் முதல் முறை. வகுப்பில் காட்டலாமா என்று மகள் கேட்டதற்கு, "காட்டு. ஆனா அது வேற ஆளு மரம்னு சொல்லிடாத. அடுத்தவங்க நிரையில கை வெச்சேன்னு மண்டோர் காதுக்குப் போனா வம்பு" என்றாராம். பெயரைச் சொல்லாததன் காரணம் இதுதான், நேயர்களே.

வகுப்பில் அந்தப் படத்துக்குக் கிடைத்த மதிப்பெண் நடுத்தரம். ஆசிரியர் பட்டணத்துக்காரர். கையையும் மரத்தையும் பார்த்தார். பட்டையைப் படிக்க அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் விளக்கிச் சொன்ன பிறகு நெடுநேரம் பேசாமல் நின்றார். ஆனால் மதிப்பெண்ணை மாற்றவில்லை! அதே படத்தை நாங்கள் ஒரு தோட்டத்து லயத்தில் காட்டியபோது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, "ரெண்டு கை வெட்டுன மரம். மேல் கைக்காரன் போய்ட்டானா?" என்று கேட்டார். ஓவியம் படித்தவர்களுக்குத்தான் புரியும் என்று யாராவது சொன்னால், அந்தப் பாட்டியை நாங்கள் நினைத்துக்கொள்கிறோம்.

இதே வழியில் நடந்தவர்கள் உலகில் உண்டா என்று நூலகத்தில் தேடினோம். உண்டு. ஹாலந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான்கோவின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அவர் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடையே சமயப் போதகராக இருந்தவர். 1880இல், தம் 27ஆம் வயதில்தான் ஓவியராவது என்று முடிவு செய்தார். 1885இல் நூனென் என்ற சிற்றூரில், ஒரு குடியானவக் குடும்பம் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பதை வரைந்தார். மேலே ஒரு விளக்கு. மேசையைச் சுற்றி ஐந்து பேர். நடுவில் ஒரே தட்டில் உருளைக்கிழங்கு. ஒரு பெண் காப்பி ஊற்றுகிறாள். அந்த ஒரு படத்துக்காக, அதற்கு முந்திய குளிர்காலம் முழுவதும் குடியானவர்களின் தலைகளையும் கைகளையும் திரும்பத் திரும்ப எழுதிப் பழகினார். தலைகள் மட்டுமே நாற்பது அளவில் இருக்கும்.

அந்தப் படத்தில் யாரும் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. ஆனால் கைகளைப் பாருங்கள்: எலும்பு புடைத்து, கரடுமுரடாக, மண் நிறத்தில் இருக்கும். எந்தக் கை மண்ணைத் தோண்டியதோ அதே கைதான் இப்போது தட்டுக்கு நீளுகிறது, நேர்மையாய் உழைத்துச் சம்பாதித்த சோறு இது என்பது தெரிய வேண்டும் என்று தம் தம்பிக்குக் கடிதம் எழுதினார். முகங்களுக்குத் தோல் உரிக்காத, மண் படிந்த உருளைக்கிழங்கின் நிறத்தையே கொடுத்தார். அவருடைய ஓவிய நண்பர் ஒருவர் இதன் கல்லச்சுப் படியைப் பார்த்துவிட்டு, உருவங்கள் சரியில்லை என்று கடுமையாகக் கண்டித்து எழுதினார். அதில் அவர்களுடைய நட்பே முறிந்தது. இன்று அந்தப் படம் ஆம்ஸ்டர்டாமில், வான்கோவின் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் என்றாலே பங்களாவும் தொப்பியும் என்று பழகிய நமக்கு, அந்த நாட்டிலும் ஒரே தட்டில் கிழங்கு தின்ற கூலிக் குடும்பங்கள் இருந்தன என்பதைக் காட்டிய படம் அது.

இன்னொருவர் கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணி. இவரைப் பற்றிப் படித்தபோது எங்கள் தோழி பல நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார். இவருடைய கணவர் பெர்லின் நகரில் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில் மருத்துவர். 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. இளைய மகன் பீட்டருக்கு வயது 18. போருக்குப் போக வேண்டும் என்று துடித்தான். தந்தைக்கு மனம் இல்லை. தாய்தான் மகன் பக்கம் பேசி, தந்தையைச் சம்மதிக்க வைத்தார். அக்டோபர் மாதத்தில் பெல்ஜியத்தில் மகன் இறந்தான்.

அந்தத் தாய் மகனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்ய நினைத்தார். முதலில் ஒரு வடிவம் யோசித்துச் செய்தார். 1919இல் அதைக் கைவிட்டார். சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் தொடங்கினார். முடிந்தபோது 1932. பதினெட்டு ஆண்டு. மகன் உயிரோடு இருந்த காலமும் பதினெட்டு ஆண்டுதான் என்பதைக் கவனியுங்கள். கடைசியில் அவர் செய்தது மகனின் உருவமே இல்லை. முழந்தாளிட்ட தாய், முழந்தாளிட்ட தந்தை, இரண்டு கற்சிலைகள். தாய் குனிந்து தலை தாழ்த்தியிருக்கிறார். தந்தை நிமிர்ந்து, தம் கைகளால் தம்மையே இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். தந்தைக்குத் தம் கணவரின் முகத்தையும், தாய்க்குத் தம் சொந்த முகத்தையும் கொடுத்தார். ஒருவரை ஒருவர் தொடவில்லை, தனித்தனியாக இருக்கிறார்கள். மகன் அடக்கமான போர்வீரர் இடுகாட்டில்தான் அவை வைக்கப்பட்டன. பின்னாளில் கல்லறைகள் விலாட்ஸ்லோ என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டபோது சிலைகளும் கூடவே போயின.

அழுகை வந்த அன்றே படம் வந்துவிடும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கோல்விட்ஸ் அம்மையாரின் பதினெட்டு ஆண்டு அந்த எண்ணத்தைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது.

இதற்கெல்லாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமா என்று எங்களுள் ஒருவர் கேட்டார். அவருடைய பாட்டி தோட்டத்தில் ஒப்பாரி சொல்வதில் பேர்போனவர். ஊருக்குள் இழவு விழுந்தால் பாட்டிக்கு ஆள் வரும். பாட்டி புடவையை மாற்றிக்கொண்டே, செத்தவருக்கு எத்தனை பிள்ளை, எந்தக் காட்டில் வேலை, கடைசியாக என்ன கேட்டுச் சாப்பிட்டார் என்றெல்லாம் விசாரிப்பாராம். சிறு வயதில் பேரனுக்கு இது பிடிக்காது. துக்க வீட்டில் போய்க் கணக்குக் கேட்கிறாரே, பொய் அழுகைதானே என்று நினைப்பாராம். இப்போதுதான் விளங்குகிறது என்கிறார். அந்த விவரங்கள் இல்லாவிட்டால் எல்லாப் பிணத்துக்கும் ஒரே பாட்டுத்தான். இறந்தவர் கடைசியாகக் கேட்ட கருவாட்டுக் குழம்பு பாட்டில் வந்ததும்தான், அதுவரை கல்லாய் உட்கார்ந்திருந்த மனைவி வாய்விட்டு அழுவாள். பாட்டியும் அழுவார், அது பொய்யுமன்று. அயலார் வீட்டு இழவில் தம் வீட்டு இழவையும் சேர்த்து அழுதவர் அவர்.

இதில் எங்களுக்குள் ஒரு சண்டையும் உண்டு, அதை மறைப்பானேன்? அம்மா யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்த ஒன்றை வரைந்து, நாலு பேருக்குக் காட்டியது சரியா? இருவர் சரி என்றோம். இருவர் தவறு என்றோம். கேட்டுத்தானே காட்டினாள் என்றால், வரைவதற்கு முன்பு கேட்கவில்லையே என்றார்கள். வரைந்தவரோ எந்தப் பக்கமும் சேரவில்லை. இந்த உரையை எழுதி முடித்த பிறகும் அந்தச் சண்டை தீரவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்ணப் பெட்டி வாங்கிக் கொடுக்க வசதியில்லையே என்று வருந்தாதீர்கள். அடுப்புக்கரியும் பழைய நாள்காட்டியின் பின்பக்கமும் போதும். பிள்ளை எதையாவது கிறுக்கிக்கொண்டு வந்தால், "மலை எங்கே, சூரியன் எங்கே" என்று கேட்காதீர்கள். "இது என்ன கண்றாவி" என்றும் சொல்லாதீர்கள். அந்தத் தாயார் வெட்டைச் சுட்டிக் காட்டியதைப் போல, உங்களுக்குத் தெரிந்ததை வைத்துத் திருத்துங்கள். மாட்டுக்காரர் மாட்டின் கொம்பைத் திருத்தட்டும். ஆயாக்கொட்டகை அம்மா ஏணையின் முடிச்சைத் திருத்தட்டும். ஓவியம் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். எங்களுக்குத் தெரியாத எவ்வளவோ உங்களுக்குத் தெரியும். அந்த மரங்களும் நெடுநாள் நிற்கப் போவதில்லை. தோட்டங்களில் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டன. சில, வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன.

எங்கள் தோழியின் தோட்டத்திலும் அந்த நிரை வெட்டப்படப் போகிறதாம். படம் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் இல்லை. தாயார் அதைத் தம் துணிப்பெட்டிக்குள், அப்பாவின் உளிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். போன மாதம் மகளிடம், "அப்பா முகத்த ஒண்ணு வரைஞ்சு குடு" என்று கேட்டிருக்கிறார். இருப்பது அடையாளக் கார்டுப் படம் ஒன்றுதான். அதில் அவர் சிரிக்கவில்லை. சிரித்தால் எந்தப் பக்கக் கன்னத்தில் மடிப்பு விழும் என்று மகள் கேட்க, தாயார் இடப்பக்கம் என்கிறார், பக்கத்து வீட்டு மாமா வலப்பக்கம் என்று சாதிக்கிறார். தோழி நோட்டுப் புத்தகத்தோடு இன்னும் லயம் லயமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.